தோல் டாக்டர்

கீழ்வீட்டு அம்மாள் வலது முழங்கையை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான், தெருவில் தனக்கு 'தோல் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது மாடிவீட்டு மருமகளுக்குத் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு முழங்கையில் அரிப்பு. என்னென்னவோ தடவிப் பார்த்தாயிற்றாம், மசியவில்லையாம். மாடியிலேயே ஒரு தோல் டாக்டர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று படியேறி வந்திருந்தாள்.

இவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் அந்தத் தோல் இல்லைங்க, ஆரஞ்சுத் தோல்," என்றாள்.

அந்த அம்மாள் சற்று யோசித்தாள். "அதையும் அரைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். கேக்கல."

எல்லாம் இவள் கணவன் பார்த்த வேலை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது அவன் புண்ணியத்தில்தான். அவர்கள் குடியிருந்த மூன்று மாடி வீட்டில் மட்டும் லிஃப்ட் கிடையாது. போகிற இடத்திலெல்லாம், தன் மனைவி தோலில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். பொய் ஒன்றும் இல்லை. எந்தத் தோல் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். சணல் நூலுக்குச் சாயம் போடுகிற சின்னப் பட்டறைகளில், சாயம் போட்டு முடித்த பிறகு மிஞ்சும் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது தீராத தலைவலி. அதிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்க நல்ல கரி கடையில் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கிக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் பட்டறையையே விற்க வேண்டியிருக்கும். ஆகவே, ஒன்றுக்கும் ஆகாது என்று தூக்கிப் போடுகிற பொருளாக ஒன்று வேண்டும். அதைப் பொடி செய்து சாயத் தண்ணீரில் கலக்கினால், சாயம் அந்தப் பொடியின்மேல் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பொடியை வடிகட்டிவிட்டால் தண்ணீர் தண்ணீராக நிற்கும். மரத்தூள், கடலைத் தோல், தேயிலைச் சக்கை என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவள் பிடித்தது ஆரஞ்சுத் தோல். அதற்குப் பெரிய அறிவியல் காரணம் எதுவும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை இருந்தது. தோலை அள்ளிக்கொண்டு போனால் போதும் சாமி என்று கடைக்காரர் கும்பிட்டார்.

கொள்கையளவில் ஆரஞ்சுத் தோல் நல்ல தோல். நடைமுறையில் அது அரைகுறை. எப்படி அரைத்தாலும், எவ்வளவு போட்டாலும், நீலத் தண்ணீரில் பாதி நீலம்தான் போகும். மீதிப் பாதி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குடுவையிலேயே உட்கார்ந்திருக்கும். அவளுடைய நெறியாளரான பேராசிரியை அதிகம் பேச மாட்டார். "ம்" என்ற ஒற்றை எழுத்தை வைத்தே துறையை நடத்திக்கொண்டிருந்தார். அந்த 'ம்'மில் பல ரகம் உண்டு. அவளுக்கு வாய்த்ததெல்லாம் மூக்கு வழியே வந்து பாதியில் அறுந்துபோகும் 'ம்'தான்.

தோலைக் காயவைப்பது வீட்டு மொட்டை மாடியில். துறையில் உலர்த்தும் அடுப்பு இருந்தது. ஆனால் அதற்கு எப்போதும் வரிசை. மாடியில் வெயிலுக்கு வரிசை கிடையாது. ஆனால் மாமனார் இருந்தார்.

மாமனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான படுக்கை விரிப்புகளை வெளுத்த கை. எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் மோந்துதான் பார்ப்பார். துண்டை மோந்து பார்ப்பார், தலையணையை மோந்து பார்ப்பார். மகன் வேலையிலிருந்து வந்தால் அவனையும். அப்படிப்பட்டவர் வீட்டின் தலைமேல் ஈரத் தோல் பரப்பினால் எப்படிப் பொறுப்பார்? முதல் வருஷம், அது குப்பை என்றே நினைத்து, மொத்தத்தையும் விரிப்போடு சுருட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். அன்று சாயங்காலம் அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். மாமனாருக்கு அது தாங்கவில்லை. மறுநாள் வந்த வண்டியின் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடி விசாரித்துப் பார்த்தார். திரும்பி வந்து, இனிமேல் உன் தோல் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு தோல் காயும் நாட்களில், கொடியில் துணி உலர்த்தக்கூட மகனைத்தான் அனுப்புவார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அந்த அதிசயம் நடந்தது.

காலையில் புதிய பொடியைக் குடுவையில் போட்டு, நீலத் தண்ணீரை ஊற்றி, குலுக்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குடுவையில் நீலத்தைக் காணோம். அடியில் கருநீலமாகப் பொடி படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணீர், குழாயில் பிடித்த தண்ணீரைப் போல இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்து மேசைக்காரி தன் வேலையில் மூழ்கியிருந்தாள். அவளுக்கு விளையாட நேரமும் இல்லை, சுபாவமும் இல்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே. நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தால், முள் கிட்டத்தட்ட நல்ல தண்ணீரின் இடத்திலேயே போய் நின்றது.

குடுவையைத் தூக்கிக்கொண்டு பேராசிரியையின் அறைக்கு ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பிறகு, அவள் இதுவரை கேட்டிராத ஒரு 'ம்' வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பேராசிரியை அப்போதே ஒரு சாயப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் பட்டறைக்கே வந்து, பீப்பாய் அளவில் செய்து காட்டுவதாகப் பேச்சு முடிந்தது.

குடுவை அளவுக்குக் கையிலிருந்த பொடி போதும். பீப்பாய்க்கு மூட்டைக் கணக்கில் வேண்டும். அன்றே ஜூஸ் கடைக்குப் போய் மூட்டை கட்டினாள். மூன்று மாடி சுமந்தாள். காயவைத்தாள், அரைத்தாள், சலித்தாள். குடுவையில் போட்டுக் குலுக்கினாள்.

பாதி நீலம் போனது. பாதி நின்றது.

பழைய பொடியைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பார்த்தால், நீலம் போன இடம் தெரியவில்லை. புதிய பொடியைப் போட்டால் பழைய கதை. அதே கடை, அதே மாடி, அதே சல்லடை. என்னதான் வித்தியாசம்?

தலையைப் பிய்த்துக்கொண்டாள். பழத்தில் கோளாறோ என்று ஜூஸ் கடைக்காரரிடம் போய், போன மாதம் பழம் எங்கிருந்து வந்தது, எப்போது பறித்தது, மேலே மெழுகு பூசியிருந்ததா என்று குடைந்தாள். இத்தனை நாளும் கும்பிட்டு அனுப்பிய மனிதர் வெலவெலத்துப் போனார். சுகாதாரத் துறையில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் வந்தாலே தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டார். பழத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மிக்ஸியில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்று அதைக் கழற்றிப் பார்த்தாள். மாற்றிப் போட்டதில் மிக்ஸி ஓட மறுத்தது. கணவன் லிஃப்டுக்குப் போடுகிற கிரீஸைத் தொட்ட கையால் தோலைத் தொட்டானோ என்று சந்தேகப்பட்டு, அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட நீ என் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டதில்லை என்றான் அவன்.

இதற்கிடையில் மாமனாரின் போக்கும் சரியில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து வேறு அறைக்குப் போனார். கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் தானாகவே போய் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்து, எல்லாவற்றையும் உரித்துத் தோலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். சுளையை ஒருவராலும் தின்று தீர்க்க முடியவில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கணவனிடம் கேட்டாள். அப்பா இப்போதெல்லாம் தன்னை மோந்து பார்ப்பதில்லை, அதுதான் தனக்கும் பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னான்.

அதைப் பற்றி மேலே யோசிக்க அவளுக்கு அவகாசம் இல்லை. பட்டறைக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல பொடி சின்னப் புட்டியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. ஆனால் அதைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? ஒரு மத்தியானம், ஒரு சிட்டிகை நல்ல பொடியை ஒரு கண்ணாடித் தட்டிலும், ஒரு சிட்டிகை புதிய பொடியை இன்னொன்றிலும் போட்டு, இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் விட்டாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். புதியது சொரசொரவென்று இருந்தது. பழையது வழுக்கியது. லேசாகத்தான். சோப்புப் போட்டுக் கழுவி, சரியாக அலசாமல் விட்ட தட்டைப் போல.

மேசை இழுப்பறையைத் திறந்து லிட்மஸ் தாளைத் தேடினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற சோதனை. மூன்று வருஷத்தில் அது ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. புதிய பொடியில் வைத்த நீலத் தாள் சிவந்தது. ஆரஞ்சு என்றால் புளிப்பு. சிவக்காமல் என்ன செய்யும். நல்ல பொடியில் வைத்த சிவப்புத் தாள் மெதுவாக, ஓரத்திலிருந்து, நீலமானது.

காரம். ஆரஞ்சுத் தோலில் காரம் தானாக வராது. யாரோ போட்டிருக்கிறார்கள். காரத்தில் ஊறிய தோல் தன் புளிப்பையெல்லாம் இழந்து, சாயத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி மாறியிருக்கிறது. ரசாயனம் புரிந்த மாத்திரத்தில் ஆளும் புரிந்துவிட்டது. கேட்காமலே வந்த தண்ணீர், ஒரு பை ஆரஞ்சு, அறை மாறி அறை மாறிப் போன நடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் அவள் தனியாக விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே போயிருந்த பக்கத்து மேசைக்காரி கதவோரம் எட்டிப் பார்த்து, நல்ல முடிவா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் சமையலறையில் கத்தரிக்கோலைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார். வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோபமில்லாமல் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஒத்திகை எல்லாம் பறந்துபோய்விட்டது.

"மாமா, நம்ம வீட்ல வாஷிங் சோடா இருக்கா?"

அவர் முகம் தொங்கிப்போனது. கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். "இருந்துச்சு," என்றார். "தீந்துபோச்சு."

"எதுல தீந்துச்சு?"

"அம்மாடி, நான் வேணும்னு பண்ணலமா."

அதற்கப்புறம் எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. போன மாதம் இரண்டு நாள் வெயிலே இல்லை. மேலே தோல் ஊறிப்போய் நாற ஆரம்பித்தது. பழ ஈயெல்லாம் மொய்த்துக் கீழ்வீட்டு ஜன்னலுக்குள் போனது. அந்த அம்மாள் வந்து சத்தம் போட்டாள். மருமகளிடம் சொல்லலாம் என்றால் அவள் அப்போதுதான் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தாள். தூக்கிப் போடவும் முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. விட்டுவைக்கவும் முடியாது, நாற்றம். கைதான் சும்மா இருக்குமா? பெரிய வாளியில் தண்ணீரை ஊற்றி, சோடாவை அள்ளிப் போட்டு, தோலை முக்கி எடுத்தார். ஆஸ்பத்திரியில் எப்படிப்பட்ட துணி வந்தாலும் அதுதான் முதல் வைத்தியம். ஒரு பொழுது ஊறவைத்து அலசினார். மறுநாள் வெயில் வந்தது. இருந்த மாதிரியே பரப்பிவிட்டு இறங்கிவிட்டார். வாசனை போய்விட்டது, ஈயும் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார். சில நாளாகப் பொடி சரியில்லை, பொடி சரியில்லை என்று வீடே அமர்க்களப்பட ஆரம்பித்தபோதுதான், மூன்று வருஷ உழைப்பைத் தான் மறுபடியும் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

புரிந்ததுதான் தலைகீழாகப் புரிந்திருந்தது. அவள் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க தொட்டதுதான் நல்லா வந்துச்சு. நீங்க தொடாததுதான் சரியில்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்று சந்தேகம். அவள் பையிலிருந்து சிவப்பும் நீலமுமான தாள்களையும் இரண்டு பொடியையும் எடுத்து, தண்ணீர் விட்டு, அங்கேயே செய்து காட்டினாள். தாள் நிறம் மாறுவதை அவர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவரே செய்தார்.

"அப்ப நான் கெடுக்கல?"

"இல்ல மாமா."

"அந்த நாலு கிலோ ஆரஞ்ச நான் சும்மாவா உரிச்சேன்?"

எவ்வளவு சோடா போட்டீர்கள் என்று கேட்டபோதுதான் அடுத்த சிக்கல் முளைத்தது. அவர் எதையும் அளந்து போட்டவர் இல்லை. ஒரு கைப்பிடி இருக்கும் என்றார். யோசித்துவிட்டு, இரண்டாகவும் இருக்கலாம் என்றார். தண்ணீர்? வாளி நிறைய. எந்த வாளி? அது உடைந்துபோய்ப் பழைய சாமானுக்குப் போட்டாயிற்று. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சரி, கையாவது இருக்கிறதே என்று, மறுநாள் காலையில் குளியலறையில் தராசை வைத்தாள். அவர் ஒவ்வொரு தடவை அள்ளும்போதும், வாளியில் போடும் முன்னால் தராசில் போடச் சொன்னாள். ஒரு கைப்பிடியைப் போல இன்னொன்று இல்லை. யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் கை எப்படி இயல்பாக அள்ளும் என்று அவர் கோபித்துக்கொண்டார். அவள் திரும்பி நின்றுகொண்டாள். அப்போது அள்ளியதுதான் மிகப் பெரிய பிடி.

முதல் வாளிக்கு நன்றாகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். ஆஸ்பத்திரி வழக்கம். சாயங்காலம் பார்த்தால் தோலைக் காணோம். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று கூழ் மாதிரி ஏதோ இருந்தது. "சத்தியமா நான் இந்தக் கஞ்சியக் காய்ச்சல," என்றார் மாமனார். இரண்டாவது வாளியில் சோடாவைக் குறைத்தார்கள். அதுவும் கூழ்தான், கொஞ்சம் தண்ணியாக. பட்டறைக்குப் போக மிச்சமிருந்த நாட்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன.

முடிச்சை அவிழ்த்தது கணவன். வேலைக்குப் போகிற அவசரத்தில் முகம் கழுவ வந்தவன், ஆவி பறக்கிற வாளியைத் தாண்ட முடியாமல் நின்றான். "இவ்வளவு சுடுதண்ணி எப்படிப்பா வந்துருக்கும்? அந்த வாரம் பூரா ஹீட்டர் ரிப்பேரு. நான் பச்சைத்தண்ணிலதான் குளிச்சேன், ஞாபகம் இல்லையா?"

மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆமாம், அன்று தண்ணீர் சுடவே இல்லை. அதனால்தான் ராத்திரி முழுக்க ஊறவிட்டார். கொதிநீரில் தோலின் பசை எல்லாம் கரைந்துபோகிறது, சாதாரணத் தண்ணீரில் அது நிற்கிறது என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது. ஒரு வாரமாக ஊரில் எல்லா லிஃப்டையும் பழுது பார்த்துவிட்டுச் சொந்த வீட்டு ஹீட்டரைப் பார்க்காமல் விட்ட கணவனை, அன்று அவள் வாயாரப் பாராட்டினாள். அவனுக்கு அது பாராட்டா திட்டா என்று கடைசி வரைக்கும் புரியவில்லை.

மூன்றாவது வாளி சரியாக வந்தது. தோல் தோலாகவே நின்றது. கையில் எடுத்தால் லேசாக வழுக்கியது. காயவைத்து அரைத்துக் குடுவையில் போட்டாள். நீலம் போயிற்று. அவள் அதைச் சொல்லப் போன் செய்தபோது, மறுமுனையில் மாமனார் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, மிச்சத் தோலையும் ஊறப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

பட்டறை சந்தைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. உள்ளே கால் வைத்தாலே முகத்தில் ஆவி அடித்தது. மூங்கில் கழிகளில் நூல் சிப்பங்கள் நீலமும் பச்சையும் சிவப்பும் சொட்டிக்கொண்டு தொங்கின. பட்டறைக்காரர் குள்ளமான, தாட்டியான மனிதர். தோள் வரைக்கும் நீலம்; கழுத்துக்கு மேலே மட்டும்தான் சொந்த நிறம். பேராசிரியையை நாற்காலியில் உட்காரவைத்தார். மூட்டையோடு வந்த மாமனாரையும் மருமகளையும் பார்த்து, இவ்வளவு கஷ்டப்பட்டு நாங்கள் சாயம் ஏற்றுகிறோம், நீங்கள் அதை இறக்க வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேலையாட்கள் எல்லாரும் கையை உதறிவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

நீலத் தண்ணீர் பீப்பாயில் பொடியைக் கொட்டினாள். துடுப்பு போன்ற கட்டையால் கலக்கச் சொன்னாள். ஆள் மாற்றி ஆள் கலக்கினார்கள். ஒரு மணி நேரம் போனது. பீப்பாய்க்குள் பார்த்தால் சேறு மாதிரி இருந்தது. வடிகட்டக் கொண்டுவந்திருந்த துணி, இரண்டு குடம் ஊற்றுவதற்குள் அடைத்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாகக் கூட இறங்கவில்லை. பின்னால் யாரோ கனைத்தார்கள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். குடுவையில் அடைக்காத பொடி பீப்பாயில் அடைக்கும் என்பதை அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை. மாமனார் துணியைப் பிடித்துப் பிழியப் போனார். பிழிந்தால் பொடியும் சேர்ந்து வந்துவிடும் என்று அவள் தடுத்தாள்.

ஆனால் அவளைச் சுற்றிலும் தொங்கியதெல்லாம் சணல். "அண்ணே, பழைய சாக்கு இருக்கா? கொஞ்சம் மணலும் வேணும்," என்றாள். சாக்கை இரண்டாக மடித்து, நடுவில் மணலைப் பரப்பி, அடியில் ஓட்டை போட்ட இன்னொரு பீப்பாயின் வாயில் கட்டினார்கள். சேற்றை மெதுவாக ஊற்றினார்கள். முதலில் கலங்கலாக வந்தது. அதைத் திரும்ப மேலே ஊற்றச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கீழே வைத்திருந்த வெள்ளைக் கிண்ணத்தில் விழுந்த தண்ணீருக்கு அடியில் கிண்ணத்தின் கீறல் தெரிந்தது.

பட்டறைக்காரர் குனிந்து, கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் ஏற்கெனவே நீலம், ஒன்றும் தெரியவில்லை. ஒரு வேலையாளைக் கூப்பிட்டு, அவன் விரலை விடச் சொன்னார். அதுவும் நீலம். கடைசியில் பேராசிரியையே எழுந்து வந்து தன் கைக்குட்டையை முக்கி எடுத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அந்த நீண்ட 'ம்' தகரக் கூரை வரைக்கும் போய் வந்தது.

பச்சையும் அப்படியே இறங்கியது. சிவப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அது வேறு ஜாதிச் சாயம், இந்தப் பொடிக்குப் பிடி கொடுக்காது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். பட்டறைக்காரர் சிரித்தார். "சிவப்பு என் மச்சான் மாதிரிங்க டாக்டரம்மா. வந்தா போகமாட்டான். நீங்க நீலத்தையும் பச்சையையும் பாத்துக்குங்க, போதும்."

பிறகு நடைமுறைக் கேள்விகளாக வந்தன. சாயம் பிடித்த பொடியை என்ன செய்வது? காயவைத்துக் கொதிகலனில் விறகோடு எரிக்கலாம். சாம்பலை மட்டும் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. தோல் இவ்வளவு கிடைக்குமா? சந்தையில் ஜூஸ் கடைக்கா பஞ்சம். அத்தனை தோலையும் யார் ஊறவைத்து அலசுவது? இந்தக் கேள்விக்கு எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

வாரத்தில் மூன்று நாள் வந்து கவனித்துக்கொள்ள முடியுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். மாமனார் உடனே பிடி கொடுக்கவில்லை. கையுறை வேண்டும் என்றார். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், அலசுகிற தண்ணீரை இரண்டு தடவை மாற்ற வேண்டும், தன் தொட்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றார். பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேராசிரியை போகும்போது அவளிடம், சோடாவில் ஊறவைக்கும் யோசனை எப்படி வந்தது என்பதை ஆய்வேட்டில் நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

திரும்புகையில் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவளும், பக்கத்தில் காலி மூட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு மாமனாரும் உட்கார்ந்தார்கள். தொட்டியைச் சிமெண்டில் கட்டுவதா, பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளலாமா என்று அவர் ஆரம்பித்தார். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவள், சிமெண்டுக்கு என்ன குறை என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டாள்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நடத்துநர் குரல் கொடுத்தார். மாமனார் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நிறுத்தத்துக்குச் சீட்டுக் கொடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பஸ் கிளம்பியது. அவள் விழித்தபோது வெளியே பழக்கமில்லாத கடைகள் தெரிந்தன. எங்கே வந்துவிட்டோம் என்று திடுக்கிட்டு எழுந்தாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் தள்ளி வந்துவிட்டோம், வெயில் நன்றாக இறங்கிவிட்டது, நடந்தே போகலாம் என்றார் அவர். இறங்கி நடந்தார்கள். வழி நெடுக அவர் பிளாஸ்டிக் தொட்டியின் குறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் "ஆமா மாமா" போட்டுக்கொண்டு வந்தாள்.